காய்கறியில் உங்களுக்குப் பிடிக்காதது எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 34. சின்ன வயதிலிருந்தே தட்டில் விழுந்த காய்கறியை ஓரமாக ஒதுக்கியே வளர்ந்திருக்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், இனி தினமும் காய்கறி சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். உப்பும் எண்ணெயும் இல்லாமல், கூடுதலாகப் பத்து நிமிடம் வைத்து வேகவைத்த காலிபிளவரையும் பீன்ஸையும் இரண்டு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கிப் பார்த்தீர்கள். பதினைந்தாம் நாள் வாடை பட்டதுமே குமட்டி, விட்டுவிட்டீர்கள். அரைத்து எதிலாவது கலந்து உள்ளே தள்ளலாமா, சத்து மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசியில், "பிடித்துச் சாப்பிடும் நிலை எனக்கு எப்போதாவது வருமா?" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டையும்விட அந்த வரிக்குத்தான் பதில் வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வரும். எல்லாக் காய்கறியும் பிடித்துப்போகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைப் போல என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழெட்டுக் காய்கறிகளையாவது விரும்பிச் சாப்பிடும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஏழெட்டு என்பது நல்ல கணக்கு. அதற்கு மேல் வருவதெல்லாம் லாபம்.

நான் உணவியல் ஆலோசகராக 19 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் சில ஆண்டுகள் நானும் "வேகவைத்த காய்கறி ஒரு கிண்ணம்" என்று தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பியவள்தான். அடுத்த முறை வரும்போது அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார்கள். மனவுறுதி போதவில்லை என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். அது தவறு. இன்றைக்கும் அந்த முகங்கள் நினைவுக்கு வந்தால் மனசு கனக்கிறது. பிறகு ஆலோசனை அறையிலேயே ஒரு அடுப்பையும் வாணலியையும் வைத்துக்கொண்டு, வந்தவர் கண்ணெதிரே சமைத்து, ஒரு வாய் கொடுத்து, முகம் எந்த இடத்தில் சுளிக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். கீழே சொல்வதில் பாதி படிப்பிலிருந்து வருகிறது, பாதி அந்த வாணலியிலிருந்து.

முதலில், "காய்கறி பிடிக்காது" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். காய்கறி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. கேரட் வேர், கீரை இலை, காலிபிளவர் மொட்டு, கத்தரி காய், பட்டாணி விதை. செடியின் வெவ்வேறு உறுப்புகளை ஒரே பெயரில் அழைக்கிறோம், அவ்வளவுதான். இவை எல்லாமே ஒருவருக்குப் பிடிக்காமல் போவது அபூர்வம். எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் பிடிக்காமல் இருக்கிறது. ஒரு பெண்மணி வந்திருந்தார். ஒரு காய்கறியும் தொடமாட்டேன் என்றார். பிடிக்காதவற்றை எழுதச் சொன்னேன், இருபதுக்கு மேல் எழுதினார். பட்டியலைப் பார்த்தால் எல்லாமே குழைய வெந்தவை. ஒரு கேரட்டைக் குச்சி குச்சியாக நறுக்கி, வேகவைக்காமல், எலுமிச்சைச் சாறும் உப்பும் தொட்டுக் கொடுத்தேன். நறுக்கென்று கடித்தார். இன்னொன்று எடுத்தார். "இது வேறயா இருக்கே" என்றார். அவருக்குக் காய்கறியோடு சண்டையே இல்லை. பல்லுக்கு எதிர்ப்பே தராமல் வாயில் கரையும் பதத்தோடுதான் சண்டை. அதனால் நீங்களும் ஒரு தாளை எடுத்து, பிடிக்காதவை ஒவ்வொன்றின் எதிரிலும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: கசப்பு, வாடை, குழைவு, வழவழப்பு, நார், சப்பென்று இருப்பது. இந்தத் தாள் இல்லாமல் சமையல் குறிப்பு தேடுவதில் பயனில்லை.

கசப்பு என்று நிறைய எழுதியிருந்தால், அது உங்கள் பிடிவாதம் இல்லை, பிறவியிலேயே வந்திருக்கக்கூடும். 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கடும் கசப்பு என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. ஒரே பொருள் ஒருவர் நாக்கில் கசக்கும், இன்னொருவர் நாக்கில் கசக்காது என்று அப்படித்தான் தெரியவந்தது. அந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் டிஏஎஸ்2ஆர்38 என்ற மரபணு என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். கசப்பை உணர நம்மிடம் இருக்கும் சுமார் 25 வகை ஏற்பிகளில் ஒன்றை உருவாக்குவது இந்த மரபணு. முட்டைக்கோஸ், காலிபிளவர், ப்ரோக்கோலி, டர்னிப் வகையறாவில் இருக்கும் சில சேர்மங்கள் இந்த ஏற்பியைத் தூண்டுகின்றன. இதுவரை உறுதி. ஆனால் "எனக்கு அந்த மரபணு, அதனால் என்னால் காய்கறியே சாப்பிட முடியாது" என்ற முடிவுக்குத் தாவ வேண்டாம். கசப்பைக் கூர்மையாக உணர்கிறவர்களிலும் ப்ரோக்கோலியை ஆசையாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மரபணு ஒரு சாய்வைத் தருகிறது. சாப்பிட்டு வளர்ந்த விதமும் சமைத்த விதமும் சேர்ந்துதான் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன.

கசப்புக்கு முதல் மருந்து உப்பு. பால் பிரெஸ்லின், கேரி பீச்சம் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதைக் காட்டினார்கள்: உப்பில் உள்ள சோடியம் கசப்பை அடக்குகிறது, கசப்பு அடங்கியதும் அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வருகிறது. உப்பில்லாமல் வேகவைத்த காலிபிளவரோடு நீங்கள் இரண்டு வாரம் போராடியது கையைக் கட்டிக்கொண்டு நீந்தியது போலத்தான். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மற்ற தின்பண்டங்களில் போகும் உப்பைக் குறைத்துக் காய்கறிக்கு ஒரு சிட்டிகை ஒதுக்குங்கள். அடுத்தது கொழுப்பு. ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ அரைத்த எள்ளோ நாக்கில் படர்ந்து கசப்பின் முனையை மழுக்குகிறது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்ற நிறமிச் சத்துகள் கொழுப்பில் கரைபவை, எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பு அவற்றை நன்றாக எடுத்துக்கொள்ளும். "ஆரோக்கியத்துக்காக எண்ணெயே இல்லாமல்" என்று நீங்கள் செய்தது சுவையையும் கெடுத்தது, சத்தையும் குறைத்தது.

வாடைதான் உங்களை விரட்டியது என்று எழுதியிருப்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். முட்டைக்கோஸ் குடும்பத்தில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. நறுக்கியதும் செடியின் நொதி ஒன்று அவற்றோடு கலந்து காரமான, மூக்கில் ஏறும் பொருள்களை உண்டாக்குகிறது. அதையே தண்ணீரில் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் அவை மேலும் சிதைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் கிளம்புகின்றன. நேரம் கூடக் கூட வாடையும் கூடும். நன்றாக வேகட்டும் என்று நீங்கள் கூடுதலாக வைத்த பத்து நிமிடம்தான் அந்தக் குமட்டலைச் சமைத்தது. தண்ணீருக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ரொட்டியின் மேல்தோலும் வறுத்த கடலையும் மணப்பதற்குக் காரணமான பழுப்பேறும் வினை சுமார் 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக நடக்கும். வேகவைத்த காய்கறிக்கு அந்த மணம் வரவே வழியில்லை.

அதனால் உங்களை முதலில் திரும்ப வைக்க நான் எடுப்பது அதே காலிபிளவரைத்தான். பூக்களாகப் பிரித்து, ஒவ்வொரு பூவையும் நெடுக்காக இரண்டாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால்தான் சட்டியில் ஒட்டி உட்காரும். கழுவினால் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்வரை அது வேகும், வறுபடாது. கனமான வாணலியைக் காயவைத்து, எண்ணெய் விட்டு, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி ஒற்றை அடுக்காக அடுக்குங்கள். குவிக்க வேண்டாம், குவித்தால் அதன் ஆவியிலேயே அது புழுங்கும். பிறகு நான்கைந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். இங்கேதான் எல்லாரும் பொறுமை இழந்து கிளறிவிடுகிறார்கள். சடசட சத்தம் கொஞ்சம் அடங்கி, கொட்டை வறுபடுவது போல ஒரு வாசனை எழும்பும். அப்போது ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வெட்டிய முகம் முழுக்கத் தேன் நிறம், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. எல்லாவற்றையும் புரட்டி, உப்பும் மிளகும் தூவி, இன்னும் மூன்று நிமிடம். இறக்கிய பிறகு நான்கு சொட்டு எலுமிச்சை. தண்டில் லேசான கடி இருக்க வேண்டும். ஓவன் இருந்தால் 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வைத்தாலும் இதே பலன். இதைச் சாப்பிட்டுவிட்டு "இது காலிபிளவர்தானா?" என்று கேட்டவர்களை எண்ணி முடியாது. கேரட், பூசணி, முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும். பாதிப் பேருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருந்திருக்கிறது.

குழைவும் வழவழப்பும் என்றால் வேறு வழி. வெண்டைக்காயின் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து இழுபடும் ஒரு பசை. தண்ணீர் படாமல், நன்றாகத் துடைத்து, அகலமான சட்டியில் மூடாமல் வதக்கினால் அது அடங்கும். புளிப்பு சேர்த்தாலும் குறையும். கத்தரிக்காய் பஞ்சு மாதிரி, காற்று நிறைந்தது, ஊற்றிய எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுச் சொதசொதக்கும். நறுக்கி உப்புத் தூவி அரைமணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சமைத்தால் அந்தப் பஞ்சு அமுங்கிவிடுகிறது. கீரையும் பச்சைப் பட்டாணியும் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் வெந்தால் பச்சையம் சிதைந்து மங்கலான பாசி நிறத்துக்கு மாறும். அந்த நிறம் வரும்போது சுவையும் போயிருக்கும், பதமும் போயிருக்கும். பீட்ரூட்டில் மண் வாடை என்று ஒதுக்குகிறவர்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற அதே பொருள் பீட்ரூட்டிலும் இருக்கிறது. தோலைத் தாராளமாகச் சீவிவிட்டு, எலுமிச்சையோ வினிகரோ சேர்த்துக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் மட்டுப்படும்.

சில நேரம் குற்றம் சமையலிலும் இல்லை, காயிலேயே இருக்கும். கேரட்டை ஆப்பிளோடு ஒரே பெட்டியில் வைத்தால் ஆப்பிள் விடும் எத்திலீன் வாயுவால் கேரட் கசந்துபோகும். பட்டாணியிலும் சோளத்திலும் உள்ள சர்க்கரை பறித்த சில மணி நேரத்திலேயே மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். அதனால் பல நாள் கிடந்த பட்டாணியைவிட, பறித்ததும் உறையவைத்த பட்டாணி இனிப்பாக இருக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சுரைக்காய், வெள்ளரி, சுகினி போன்றவை இயல்புக்கு மாறாகக் கடுமையாகக் கசந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் மிகுந்திருக்கலாம், சமைத்தாலும் அது போகாது. துப்பிவிட்டு முழுவதையும் எறிந்துவிடுங்கள். காய்கறி சாப்பிடக் கற்றுக்கொள்கிறவர்கள் "கசந்தாலும் நல்லது" என்று தங்களை வற்புறுத்திக்கொள்வதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி நாக்கைப் பழக்குவது. ஒரு உணவைத் திரும்பத் திரும்பச் சுவைத்தால் பிடித்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். அமெரிக்க உளவியலாளர் லீஆன் பர்ச் 1980-களில் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்தார். பார்த்தால் மட்டும் போதாது, வாயில் வைத்துச் சுவைத்தால்தான் பலன் என்றும் அவருடைய ஆய்வு காட்டியது. எட்டு முதல் பதினைந்து முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. பெரியவர்களுக்கு, அதுவும் முப்பது வருடம் ஒதுக்கிப் பழகியவருக்கு, அது அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி தர மாட்டேன். என் அனுபவத்தில் சிலருக்கு ஐந்து முறையில் திரும்பியிருக்கிறது, சிலருக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

எப்படிச் சுவைப்பது என்பதில்தான் நீங்கள் தவறவிட்டீர்கள். குமட்டலோடு விழுங்கிய ஒவ்வொரு வாயும் "இது வேண்டாத பொருள்" என்ற பாடத்தையே மூளைக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கிண்ணம் நிறைய வேண்டாம். ஒரு தேக்கரண்டி போதும். நன்றாகப் பசிக்கும் நேரத்தில், உங்களுக்கு மிகவும் பிடித்த உணவோடு சேர்த்து, தினமும் ஒரே காயை ஒரே மாதிரி சமைத்துச் சாப்பிடுங்கள். தினம் ஒரு புதுக் காய் என்று மாற்றினால் எதுவுமே பழகாது. பிடிக்கவில்லை என்றால் துப்ப உங்களுக்கு அனுமதி உண்டு. துப்பலாம் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். இன்னொன்று, "இதைச் சாப்பிட்டால் இனிப்பு சாப்பிடலாம்" என்ற பேரம் வேண்டாம். குழந்தைகளிடம் செய்த சில ஆய்வுகளில், பரிசுக்காகச் சாப்பிட வைத்த உணவின் மேல் விருப்பம் குறைந்ததைத்தான் பார்த்தார்கள். பெரியவர்களும் தங்களோடு தாங்களே இந்தப் பேரம் பேசுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பெயரிலும் கொஞ்சம் இருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவகத்தில் ஒரே மாதிரி சமைத்த ஒரே காய்கறிக்கு வெவ்வேறு நாளில் வெவ்வேறு பெயர்ப்பலகை வைத்தார்கள். வெறும் காயின் பெயர் இருந்த நாளைவிட, ருசியை வர்ணிக்கும் பெயர் இருந்த நாளில் 25 சதவீதம் அதிகம் பேர் அதை எடுத்தார்கள். உடம்புக்கு நல்லது என்று எழுதிய பலகைகள் அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. நீங்களும் "மருத்துவர் சொன்ன காய்கறி" என்று மனசுக்குள் அழைப்பதை நிறுத்துங்கள். "மிளகு போட்டு மொறுமொறுவென்று வறுத்த காலிபிளவர்" என்று அழைத்துப் பாருங்கள். கடைசி வரைக்கும் ருசி காட்டவேண்டியது காய்தான், பெயர் கதவைத் திறந்துவிடும்.

அரைத்துக் கலக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உணவுகளில் அரைத்த காய்கறியைச் சேர்த்துக் கொடுத்தபோது பெரியவர்கள் காய்கறியை அதிகம் உண்டார்கள், சுவையில் குறை சொல்லவில்லை. ஆனால் ஒளித்துவைத்த காயை நாக்கு அறிமுகம் செய்துகொள்வதில்லை. அதனால் ஒளிப்பதோடு நிற்காமல் படியேறுங்கள்: இரண்டு வாரம் வழுவழுவென்று அரைத்தது, அடுத்து கொரகொரவென்று, அடுத்து பொடியாகத் துருவியது, பிறகு துண்டு. பதம் பிடிக்காதவர்களுக்கு இந்தப் படிக்கட்டு மிக நன்றாக வேலை செய்கிறது. இதை உங்களுக்கு நீங்களே செய்துகொள்வது நல்லது. இன்னொருவருக்குத் தெரியாமல் செய்தால், கண்டுபிடித்த அன்றைக்கு அவர் காய்கறியோடு சேர்த்து உங்கள் சமையலையும் நம்பமாட்டார். மாத்திரை விஷயத்தில் பதில் சுருக்கம்: குறிப்பிட்ட சத்துக் குறைபாடு இருந்தால் மருத்துவர் தருவதைச் சாப்பிடுங்கள். ஆனால் நார்ச்சத்தும், குறைந்த கலோரியில் வயிறு நிறைவதும், காய்களில் ஒன்றுசேர்ந்து கிடக்கும் பல நூறு பொருள்களும் மாத்திரைக்குள் அடங்காது.

எழுத்தில் படித்து என்னால் சொல்ல முடியாதவை சில உண்டு. பச்சைக் கேரட்டோ செலரியோ தின்றால் உதடும் தொண்டையும் அரித்தால் அது பிடிக்காமை இல்லை, மகரந்த ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு அதே காய் வெந்தால் ஒன்றும் செய்யாது, ஆனால் பரிசோதித்துக்கொள்வதே சரி. வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குக் காய்கறியில் உள்ள பொட்டாசியம் எவ்வளவு சேரலாம் என்ற கணக்கு உண்டு. உங்களுக்கு இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். காய்கறி மட்டுமில்லாமல் பல வகை உணவுகளும் வாயில் வைத்தாலே குமட்டுகிறது, வெளியே போய்ச் சாப்பிட முடியவில்லை, எடை குறைகிறது என்றால் அது வேறு. தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அதற்குத் தனி இடமே கொடுத்தார்கள். அதற்கு வாணலி போதாது, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வேண்டும். உங்கள் எழுத்தில் அந்த அறிகுறி எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாளைக்குப் பழமும் காயும் சேர்த்து 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இதில் சேராது. இந்த எண்ணை முதல் மாதத்தில் நினைக்கவே வேண்டாம். திடீரென்று அவ்வளவு நார்ச்சத்து போனால் வயிறு உப்பி, அந்தப் பழியும் காய்கறி மேலேயே விழும். முதல் வாரம் வறுத்த காலிபிளவர் மட்டும், தினம் இரண்டு மூன்று துண்டு. இரண்டாவது வாரம் அதோடு பச்சைக் கேரட் குச்சி, எலுமிச்சையும் உப்பும் தொட்டு. மூன்றாவது வாரம் உங்கள் தாளில் இருப்பவற்றில் மிகக் குறைவாகப் பிடிக்காத காய் எதுவோ அது. அந்தத் தாளை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள். எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, நான்காவது வாரத்துக்கு எந்தக் காய், எப்படிச் சமைப்பது என்று சொல்கிறேன்.